லக்ஷ்மிநாராயணனின் வலது கை

1907-ஆம் வருஷம் ஆவணி மாதம் மூன்றாம் தேதி காலையிலிருந்து, லக்ஷ்மிநாராயணனின் வலது கை தொட்டதெல்லாம் சரிபாதியாகப் பிளந்தது. முதலில் பிளந்தது காபி டம்ளர். மேலிருந்து கீழாக, நூல் பிடித்த மாதிரி இரண்டானது. வெட்டுவாய் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது, தரையில் ஒரு சிட்டிகை பித்தளைத் தூள் கிடந்தது. பிறகு கதவின் தாழ்ப்பாள், குடைக்கம்பு, ஆபீசுக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டின் கை எல்லாம் வரிசையாகப் போயின. பத்து மணிக்குள் அவர் கையை அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். அன்று ஹவுரா படகுத்துறையில் அவரைப் பார்த்தவர்கள், யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து நின்றார்கள்.

அப்போது அவர் கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், சால்க்கியாவில் ஆற்றை ஒட்டியிருந்த ஒரு மர அறுவை ஆலையின் மானேஜர். கும்பகோணத்துப் பக்கம் சொந்த ஊர், வயது முப்பத்தெட்டு. துரை சீமைக்குப் போகும் மாதங்களில் ஆலை முழுக்க அவர் சொன்னபடிதான் நடக்கும். அவருக்குக் கீழே மிஷின்களைப் பார்த்துக்கொள்ளச் சுந்தரேசன் என்று ஒருவர் இருந்தார். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை கற்றவர். பிராமணப் பிள்ளை இரும்பைத் தொட்டுப் பிழைப்பதா என்று கல்கத்தாத் தமிழர்கள் முதுகுக்குப் பின்னால் பேசியதை அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவரிடம் ஒரு நீல நோட்டு இருந்தது. நீராவியில் ஓடும் வட்ட ரம்பத்தின் அருகே நிற்கிறவன் என்னென்ன செய்ய வேண்டும், என்னென்ன செய்யக் கூடாது என்று அதில் பதினோரு விதிகளைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். ரம்பத்தில் கூட வேலை பார்த்த நிமாய் மிஸ்திரியை உட்கார வைத்து எதிர்ப்பக்கத்தில் அவற்றையே வங்காளத்திலும் எழுதச் செய்திருந்தார். இரும்பு மூடி இல்லாமல் ரம்பத்தை ஓட்டாதே. ரம்பத்துக்கு நேரே நிற்காதே, பக்கவாட்டில் நில். தொங்குகிற துணியோடு கிட்டே போகாதே. தூளை எடுப்பதானால் நிறுத்திவிட்டு எடு. நிறுத்தியவன் சொல்லாமல் வேறு எவனும் ஓட்டாதே.

பெரிய தேக்குக் கட்டைகளுக்கு மூடி இடைஞ்சலாக இருக்கிறதென்று வைகாசியிலேயே லக்ஷ்மிநாராயணன் அதைக் கழற்றச் சொல்லியிருந்தார். சுந்தரேசன் மூன்று முறை சீட்டு எழுதிக் கேட்டும் மூடி திரும்ப வரவில்லை. ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி ரம்பத்தின் அடியில் தூள் அடைத்துக்கொண்டது. ஆலையில் இன்ஜின் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ரம்பத்தை மட்டும் நிறுத்த வேண்டுமானால், ஒரு கம்பியை இழுத்து, பெல்ட்டைச் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு மாற்றுவார்கள். சுந்தரேசன் அப்படி மாற்றிவிட்டு, குனிந்து கையை உள்ளே விட்டார். கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் பலகைக்குக் காத்திருந்தது. ரம்பம் ஏன் நிற்கிறது என்று கத்திக்கொண்டே வந்த லக்ஷ்மிநாராயணன், ரம்பத்தின் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் கம்பியைத் தள்ளினார். சுந்தரேசனின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. ஒன்பதாம் நாள் தாடை இறுகி, உடம்பு வில்லாய் வளைந்து, அவர் செத்துப்போனார். சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று லக்ஷ்மிநாராயணன் கம்பெனிக்கு அறிக்கை எழுதினார். கம்பியைத் தள்ளியதைப் பார்த்த ஒரே ஆள் நிமாய் மிஸ்திரி. அவன் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

சுந்தரேசனின் மனைவி ஜகதாம்பாளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தலையை மழிக்க ஏற்பாடு செய்த உறவுக்காரர்களிடம், தனக்கு வேலை இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றாள். ஊருக்குக் கூட்டிப்போக வந்த அண்ணனையும் ரயிலேற்றி அனுப்பிவிட்டாள். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், துக்கம் விசாரிக்க லக்ஷ்மிநாராயணன் வந்தார். அதற்குள் நிமாய் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுது, பௌதி பௌதி என்று அண்ணி முறை சொல்லி அழைத்து, பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அது அவருக்குத் தெரியாது. விதியைப் பற்றி அவர் பேசியதை அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கம்பியைத் தள்ளினது எந்தக் கை?"

அவர் கண் தானாகவே வலது கையின் பக்கம் போயிற்று. அவளும் அதைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் காலைதான் டம்ளர் பிளந்தது.

இரண்டு வருஷம் அவர் எல்லா வைத்தியமும் பார்த்தார். வங்காளத்து நாட்டு வைத்தியரான கவிராஜின் எண்ணெய்ப் பாத்திரம் இரண்டானது. ஆங்கில டாக்டர் கட்டிய கட்டு இரண்டானது. காளிகாட்டில் பிரார்த்தனைக்கு வாங்கிய தேங்காய் இரண்டானது மட்டும் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பூணூல் அறுந்து விழ விழப் புதிது போட்டுக்கொண்டார். இடது கையால் சாப்பிட்டதால் பந்திகளுக்குப் போவதை நிறுத்தினார். மனிதர்களைத் தொட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத் துணிவும் இல்லை. மகள் சாவித்ரிக்கு மூன்று வயது. அப்பா என்று அவள் ஓடி வரும்போதெல்லாம் அவர் கையைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினார். குழந்தை அதை ஒரு விளையாட்டென்று எடுத்துக்கொண்டு கொஞ்ச நாள் துரத்திற்று. பிறகு துரத்துவதை விட்டுவிட்டது.

கடைசியில் அவர் மனைவி காமு, அவரை அழைத்துக்கொண்டு ஜகதாம்பாள் வீட்டுக்கு வந்தாள். ஜகதாம்பாள் இருவருக்கும் மோர் கொடுத்தாள். அவருடைய டம்ளரை இடது பக்கமாக வைத்தாள். காமு விழுந்து நமஸ்கரித்து, மன்னித்துவிடும்படி கேட்டாள்.

"மன்னிக்கறதுக்காக நான் இந்த ஊர்லே இருக்கலை, மாமி. பார்க்கறதுக்காக இருக்கேன்" என்றாள் ஜகதாம்பாள். பிறகு லக்ஷ்மிநாராயணன் பக்கம் திரும்பினாள். "அவர் கவனக்குறைவா இருந்தார்னு எழுதினேளே, அதை முதல்லே மாத்தி எழுதுங்கோ."

எழுதினால் கை சரியாகிவிடுமா என்று லக்ஷ்மிநாராயணன் கேட்டார். தான் அப்படிச் சொல்லவில்லையே என்றாள் அவள்.

அவர் அங்கேயே உட்கார்ந்து, இடது கையால், கோணல்மாணலான எழுத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினார். எழுதி முடிக்க மத்தியானம் ஆயிற்று. கடிதத்தை நிமாய் எடுத்துக்கொண்டுபோய் துரையிடம் கொடுத்து, தன் சாட்சியத்தையும் சொன்னான். பழைய அறிக்கையை ரத்து செய்து, தவறு மானேஜருடையது என்று துரை கையெழுத்துப் போட்ட நகலை ஜகதாம்பாள் வாங்கிப் படித்து, நீல நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் வந்தது அந்த ஒருநாள்தான். லக்ஷ்மிநாராயணனின் மானேஜர் வேலை போயிற்று. கை அப்படியே இருந்தது.

வேலை போன அன்று ஆலை முற்றத்தில் தலை சுற்றி அவர் ஒரு தேக்குக் கட்டையின்மேல் வலது கையை ஊன்றிச் சாய்ந்தார். இருபதடி நீளக் கட்டை, துணி கிழிவது போல, முனையிலிருந்து முனைவரை பிளந்து படுத்துக்கொண்டது. துரை வந்து குனிந்து வெட்டுவாயைத் தடவினார். ரம்பத்தால் அப்படி ஒரு நேர்கோடு வந்ததில்லை, தூளும் பாதிதான். ஒரு நாளைக்கு எத்தனை அடி முடியும் என்று கேட்டார். பெரிய ரம்பத்தின் அருகே நிற்க அந்த இரண்டு வருஷமாக எவனும் சம்மதிக்காததால் துரைக்கு வேறு வழியும் இருக்கவில்லை. வேறு எந்த ஆபீசும் சேர்த்துக்கொள்ளாததால் லக்ஷ்மிநாராயணனுக்கும் வேறு வழி இருக்கவில்லை. ரம்பத்தைக் கழற்றி, அது இருந்த இடத்தில் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

முதல் நாளே ஜகதாம்பாள் நீல நோட்டோடு ஆலை வாசலுக்கு வந்துவிட்டாள். மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது என்று முதல் விதியைத் தமிழில் படித்தாள். நிமாய் அதை வங்காளத்தில் படித்தான். கூலிகள் எல்லாரும் கட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். கிடங்கில் கிடந்த பழைய இரும்பு மூடியைத் தேடி எடுத்து, துருவைச் சுரண்டி, லக்ஷ்மிநாராயணனின் கையில் படாமல், தோளிலிருந்து மறைத்து விரல் நுனி மட்டும் வெளியே தெரியுமாறு, ஸ்டூலோடு சேர்த்து முடுக்கினார்கள். கையைத் தூக்கித் தூக்கித் தோள் மரத்துப் போயிருந்த மனிதருக்கு அது ஒரு விதத்தில் ஓய்வாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் கூலிகள் கேட்டுக்கொண்டிருக்க, நிறுத்தியவன் சொல்லாமல் வேறு எவனும் ஓட்டாதே என்ற கடைசி விதியை அவள் படித்தபோது அவர் தலை குனிந்தது. அதைத் தினமும் காலையில் அவள் படித்தாள். தூள் எடுக்கும்போது அவர் கையை மூடிக்குள் மடக்கி உட்கார வேண்டும். அவள் சரி என்று சொன்ன பிறகே மறுபடி நீட்ட வேண்டும். சில நாள் அவள் சரி என்று சொல்லாமல் வெகுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை நேரமும் அவர் மடக்கியபடியே இருந்தார்.

இப்படி ஏழு வருஷம் போயிற்று. தலைநகரை டெல்லிக்கு மாற்றினார்கள், ஐரோப்பாவில் யுத்தம் வந்தது, தேக்கின் விலை ஏறிற்று. ஆலையில் ஒருவனுக்கும் ஒரு நகக்கண்கூடப் போகவில்லை. 1916-இல் சாவித்ரிக்குப் பன்னிரண்டு வயதில் கல்யாணம் நிச்சயமாயிற்று. கன்னிகாதானத்தை அவள் சித்தப்பா செய்வதென்று ஏற்பாடு. கல்யாணத்துக்கு முந்தைய நாள், பட்டுப்பாவாடையும் தாவணியுமாக அவள் காமுவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆலைக்கு வந்தாள். அப்பா தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்ய வேண்டும் என்றாள். தனக்குப் பயமில்லை என்றும் சொன்னாள்.

லக்ஷ்மிநாராயணன் நிமாயிடம் மூடியைத் திறக்கச் சொன்னார். நிமாய் ஜகதாம்பாளைப் பார்த்தான். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். காமு மட்டும் பார்க்கவில்லை. கேட்க வேண்டியதை அவள் ஏழு வருஷத்துக்கு முன்பே கேட்டு முடித்திருந்தாள். ஜகதாம்பாள் அந்தப் பெண்ணின் அருகே போய், தாவணி நுனியை எடுத்து அவள் இடுப்பில் இறுகச் செருகினாள். தோளைப் பிடித்து இரண்டடி நகர்த்தினாள்.

"நேரே நிக்கப்படாது, குழந்தே. பக்கவாட்டிலே நின்னு நமஸ்காரம் பண்ணு. கையை நீட்ட மாட்டார்."

சாவித்ரி பக்கவாட்டில் நின்று நமஸ்கரித்தாள். லக்ஷ்மிநாராயணன் இடது கையைத் தூக்கினார். ஆசீர்வாதத்துக்கு அந்தக் கை ஆகாது என்று நினைவு வந்து, கீழே விட்டுவிட்டார். மந்திரத்தை மட்டும் வாயால் சொன்னார். பாதிவரைதான் அவரால் முடிந்தது, மீதியைக் காமு சொன்னாள். அவர்கள் போன பிறகு அவர் முதல்முறையாக ஜகதாம்பாளின் முகத்தை நேராகப் பார்த்து, இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார்.

"அவர் கை முளைக்கிற வரைக்கும்" என்றாள் அவள்.

அதற்கடுத்த வருஷம் ஆலைகளைச் சோதிக்கும் அதிகாரி ஒருவர் புதிதாக வந்தார். வங்காளி, இளைஞர், எதையும் விடாமல் பார்க்கிறவர். ஸ்டூலைச் சுற்றி வந்து, மூடியின் இடைவெளியை விரலால் அளந்து, திருகுகளை ஆட்டிப் பார்த்தார். கட்டை ஒன்று பிளப்பதை நின்று கவனித்தார். மற்ற ஆலைகளிலும் இப்படி மூடி இருந்தால் எவ்வளவோ பேருக்குக் கை மிஞ்சும் என்று நிமாயிடம் சொன்னார். பிறகு, இதை நிறுத்துவதற்குக் கம்பி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

ஜகதாம்பாள் இப்போது வங்காளம் நன்றாகவே பேசுவாள். கம்பியெல்லாம் கிடையாது, தான் சொன்னால் நிற்கும் என்றாள்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டு அடுத்த மிஷினுக்குப் போனார்.