மூடி போட்ட டீ

டமார் என்று எல்லைச் சாவடி கவுண்ட்டரின் இரும்பு ஷட்டர் இறங்கியது. மாமா ஒரு நொடி தாமதித்திருந்தால் அவருடைய விரல்கள் மட்டும் எல்லையைத் தாண்டிப் போயிருக்கும்.

"சாப்பாட்டு நேரம்," என்றது ஷட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"இவ்வளவு நேரம் நின்னோமே, அப்ப சொல்லக் கூடாதா?" என்றேன்.

"அப்ப பசிக்கலை. இப்ப பசிக்குது."

எங்கள் மூன்று பாஸ்போர்ட்டுகளும் உள்ளே மாட்டிக்கொண்டன. நாங்கள் வெளியே நின்றோம். நான், என் மாமனார், மாமியார். போகவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை.

நாலு மணிக்கு மாமாவின் சின்ன மகளுக்குக் கல்யாணம். எல்லைக்கு அந்தப் பக்கம், டாக்ஸியில் ஒரு மணி நேரம் போனால் வரும் ஊரில், ரிஜிஸ்டர் ஆபீசில். என் மனைவி தங்கைக்குத் துணையாக முந்தின வாரமே போய்விட்டாள். வெறும் கல்யாணம் என்றால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். இரண்டு வருடமாக அப்பாவும் மகளும் பேசுவதில்லை. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். அவளும் கிளம்பிப் போய்விட்டாள். போன மாதம் அவளே போன் செய்து, "அப்பா வந்தா நல்லா இருக்கும்" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மாமா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு, "டிக்கெட் போடுங்க மாப்ள," என்றார்.

இன்று அவர் அங்கே போய்ச் சேராவிட்டால் கல்யாணம் நிற்காது. ஆனால் அப்பா வேண்டுமென்றே வரவில்லை என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். அந்த முடிவை அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. போன் செய்து சொல்லலாம் என்றால், எங்கள் சிம் அந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்ததுமே உயிரை விட்டுவிட்டது.

இத்தனைக்கும் காரணம் ஒரு மீசை.

மாமாவின் பாஸ்போர்ட் போட்டோவில் கறுகறுவென்று பெரிய மீசை இருக்கும். நேரில் பார்க்கிறவர்களுக்கு, எதற்கென்று தெரியாமலே மன்னிப்புக் கேட்கத் தோன்றும். "சும்மா இருக்கறப்பகூட அப்பா திட்டுற மாதிரியே இருக்கு" என்பாள் சின்னவள். இன்று காலை லாட்ஜ் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் இருந்தவர், வெளியே வந்தபோது மேலுதடு வழவழவென்று இருந்தது. என்னால் அவரை நேராகப் பார்க்க முடியவில்லை. யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார், தெரியாமல் எங்கள் அறைக்கு வந்துவிட்டது போல இருந்தது.

கவுண்ட்டர்காரன் போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இவர் யாரு?" என்றான். பதில் சொல்வதற்குள் ஷட்டர்.

"நான்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, அங்க போய் எடுத்துக்கலாம்னு," என்றாள் அத்தை.

"வாயை மூடு."

"நான் மூடிக்கிட்டாப் போதுமா? அவன் மூடிட்டுப் போயிட்டானே."

ஷட்டர் மறுபடி ஏறியபோது கவுண்ட்டர்காரன் பல் குத்திக்கொண்டே எங்களை உள்ளறைக்கு அனுப்பினான். அங்கே அதிகாரி. இளவயது, மூக்குக்கண்ணாடி, இஸ்திரி கலையாத சட்டை. எங்களை உட்காரச் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுகளை விசிறி மாதிரி விரித்துப் பிடித்திருந்தார்.

"பெரியவரே, போட்டோவுல இருக்கறது நீங்களா?"

"நான்தான். மீசையை எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"பொண்ணுக்குக் கல்யாணம்."

"பொண்ணுக்குக் கல்யாணம்னா அப்பா எதுக்கு மீசையை எடுக்கணும்?"

அதிகாரி போட்டோவின் மீசைமேல் கட்டைவிரலை வைத்து மறைத்துப் பார்த்தார். அது மாமாதான் என்பது குருடனுக்கும் தெரிந்திருக்கும். அவருக்கு மட்டும் தெரியவில்லை.

"தலைமை ஆபீசுக்கு அனுப்பி உறுதிப்படுத்தணும். நாளைக்கோ நாளன்னைக்கோ ஆகும்," என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் திடீரென்று கனிந்தது. "வெயில்ல வந்திருக்கீங்க. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. இங்க டீ நல்லா இருக்கும்."

மாமாவின் முகம் சிவந்தது. வெளியே வந்ததும், "என்கிட்டேயேவா," என்று பல்லைக் கடித்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல மனிதர், டீ குடிக்கச் சொல்கிறார், குடித்துவிட்டு வந்தால் மனம் இளகும் என்று நினைத்தேன். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு வண்டிக்கடை இருந்தது. நானும் அத்தையும் நின்றபடியே நாக்கு பொத்துப்போக ஊற்றிக்கொண்டு திரும்பி ஓடினோம்.

"குடிச்சீங்களா?" என்றார் அதிகாரி.

"குடிச்சோம் சார்."

என் கைகளைப் பார்த்தார். வெறுங்கை. "நீங்க குடிச்ச மாதிரி தெரியலையே," என்றார். அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னார்.

அடுத்த ஆள் ஒரு லாரி டிரைவர். எங்களுக்கு வெகு நேரம் கழித்து வந்தவர். கையில் மூடி போட்ட ஒரு காகிதக் கப். அதை மேசைமேல் வைத்தார். அதிகாரி அதை எடுத்துத் தனக்குப் பின்னால் ஜன்னல் விளிம்பில் வைத்தார். முத்திரை விழுந்தது. டிரைவர் போய்க்கொண்டே இருந்தார். அப்போதுதான் அந்த ஜன்னலைக் கவனித்தேன். மூடி போட்ட கப்புகள் வரிசை கட்டி நின்றன. ஒன்றைக்கூட யாரும் குடித்ததாகத் தெரியவில்லை.

டிரைவரை வாசலில் மடக்கினேன்.

"நீங்க புதுசா? கட்டிடத்துக்குப் பின்னாடி ஒரு டீக்கடை இருக்கு பாருங்க, அங்க ஸ்பெஷல் டீ கேக்கணும்," என்றார். "பணத்தை அவன்கிட்ட கொடுத்தா மூடி போட்டுத் தருவான். மூடி இருந்தாத்தான் முத்திரை. உள்ள டீ இருக்குதா, தண்ணி இருக்குதான்னு எனக்கே தெரியாது."

இதை அப்படியே மாமாவிடம் வந்து சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "தெரியும்," என்றார்.

"தெரியுமா? அப்ப வாங்க மாமா, கொடுத்துத் தொலைச்சிட்டுப் போவோம். நேரம் ஓடுது."

"முடியாது." பெஞ்சில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொண்டார். "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். எவனுக்கும் ஒரு பைசா கொடுத்தவன் இல்ல நான். இந்தப் பொடிப்பயலுக்கா கொடுப்பேன்?"

மாமா வண்டி லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசில் வேலை பார்த்தவர். எனக்குப் பெண் கொடுப்பதற்கு முன்பே ரிட்டயர் ஆகிவிட்டார். அந்தத் துறையில் இருந்துகொண்டு இவ்வளவு வைராக்கியமா என்று எனக்கு அவர்மேல் எப்போதும் மரியாதை உண்டு. ஆனால் இன்றைக்கு அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வைராக்கியத்துக்கு முத்திரை போட அங்கே ஆள் இல்லை.

"இன்னிக்கு ஒரு நாள் கொடுங்க," என்றாள் அத்தை.

"மாட்டேன்."

"உங்க பொண்ணு வாசலையே பார்த்துக்கிட்டு நிப்பா."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தத் தம்பிகிட்ட சொல்லிக்கிட்டிருப்பா, எங்க அப்பா வரமாட்டார், எனக்குத் தெரியும்னு. நீங்க பேசின பேச்சு அப்படி."

அந்தத் தம்பி என்றால் மணமகன். கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்கிறவன். ஒரு இடத்தில் தப்பைக் கண்டுபிடித்ததும், வாயை மூடிக்கொள்ளச் சொல்லிப் பெரிய தொகை நீட்டினார்களாம். வாங்காமல் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான். இதைக் கேட்டதும் எனக்குப் பையனைப் பிடித்துப்போனது. மாமாவுக்கு அதனாலேயே பிடிக்காமல் போனது. "பிழைக்கத் தெரியாதவன். கையில வந்ததை வேணாங்கறவன் என் பொண்ணை என்னத்தை வெச்சுக் காப்பாத்துவான்?" என்று கத்தினார். பெண்ணைப் பெற்றவரின் கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஹாலில் இருந்த கடிகாரத்தை அதற்குமேல் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மாமாவைக் கேட்காமலே கட்டிடத்துக்குப் பின்னால் ஓடினேன். அத்தையும் கூடவே வந்தாள்.

டீக்கடைக்காரன் டீ போடக்கூட இல்லை, காகிதக் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "ஸ்பெஷல்," என்றேன்.

"எத்தனை பேரு?"

"மூணு."

"மீசை கேஸா?"

விஷயம் எங்களுக்கு முன்னாலேயே கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. தலையாட்டினேன். அவன் ஒரு தொகையைச் சொன்னான்.

"லாரிக்காரர் அவ்வளவு கொடுத்த மாதிரி தெரியலையே."

"அவருக்கு மீசை இருக்கே," என்றான்.

என் பர்சைக் கவிழ்த்தேன். அத்தை கைப்பையைக் கவிழ்த்தாள். இரண்டையும் சேர்த்தாலும் அவன் சொன்னதில் பாதிதான் தேறியது. அதிலும் டாக்ஸிக்கு எடுத்து வைக்கவேண்டும். பேரம் பேசினேன். கெஞ்சினேன். "விலை நான் வைக்கிறதில்ல சார், உள்ள வைக்கிறாங்க," என்றான். அத்தை புடவைத் தலைப்பால் மறைத்தபடி ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தாள். மகளுக்கென்று செய்த வளையல்கள்.

"இது போதுமாப்பா?"

"நகையெல்லாம் வாங்கமாட்டோம்மா," என்றான் டீக்கடைக்காரன், மனம் புண்பட்டவனைப் போல. "அது தப்பு."

எனக்கு அவன் அடுப்பை எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. கவுண்ட்டர்காரன் உள்ளே கை காட்டுகிறான். உள்ளே இருப்பவர் டீக்கடையைக் காட்டுகிறார். டீக்கடைக்காரன் மறுபடி உள்ளே காட்டுகிறான். இத்தனை பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அதுதான் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

திரும்பிப் பார்த்தேன். கட்டிடத்தின் மூலையில் மாமா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, தெரியவில்லை. அத்தை வளையல் பெட்டியை மூடிக்கொண்டிருந்ததையே பார்த்தார். மீசை இருந்த இடத்தை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"வாங்க மாப்ள," என்றார். "நீ இங்கேயே இரு," என்று அத்தையிடம் சொன்னார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமா அதிகாரியின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தார். என்னிடம் கதவைச் சாத்தச் சொன்னார். ஒரு நாற்காலியை இழுத்து, கதவுக் கண்ணாடியை முதுகு மறைக்கிற மாதிரி திருப்பிப் போட்டு, உட்கார்ந்தார். அடிதடிதான் நடக்கப்போகிறது என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"தம்பி," என்றார் மாமா. குரலில் கோபமே இல்லை. "அந்தக் கப்பையெல்லாம் எதுக்கு ஜன்னல்ல அடுக்கி வெச்சிருக்கீங்க?"

"என்ன பெரியவரே, மிரட்டுறீங்களா?"

"வெளியில நின்னா எண்ணலாம். நான் எண்ணிட்டேன். என்னிக்காவது எண்ணத் தெரிஞ்சவன் ஒருத்தன் வருவான். உடனே உடனே கொட்டிட்டு, கப்பைத் திருப்பி அனுப்பிடணும்."

அதிகாரியின் கை தன்னையறியாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றது.

"கடைக்காரன் பணத்தை எல்லார் முன்னாடியும் எண்ணிச் சட்டைப் பையில வைக்கிறான். கூடாது. பிஸ்கட் டப்பாவுல போடச் சொல்லுங்க. அப்புறம், மீசைன்னு உள்ள பேசினது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? உள்ள பேசினது வெளிய போனா, வெளிய இருக்கறது உள்ள வரும். கேஸா வரும்." மாமா முன்னால் சாய்ந்தார். "முக்கியமா ஒண்ணு. கல்யாணம், ஆஸ்பத்திரி, சாவு, இந்த மூணுக்கும் போறவங்கள ரொம்ப நேரம் நிறுத்தக் கூடாது. அவங்கதான் அழுவாங்க. அழுதா கூட்டம் கூடும்."

நான் மாமாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தினமும் பார்க்கிற தலைதான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை. எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியார் வகுப்புக்குள் வந்ததும் பையன் எழுந்து நிற்பானே, அதே மாதிரி. பிறகு குனிந்து, மூன்று பாஸ்போர்ட்டுகளிலும் தன் கையாலேயே அழுத்தமாக முத்திரை குத்தி, இரண்டு கைகளாலும் மாமாவிடம் நீட்டினார்.

கடிகாரத்தில் இன்னும் நேரம் இருந்தது. டாக்ஸி கிடைத்துவிட்டால் போய்விடலாம். நான் கையில் கசங்கிக்கிடந்த நோட்டுகளை, என்ன செய்வதென்று தெரியாமல் மேசைமேல் வைத்து, "இவ்வளவுதான் இருக்கு," என்றேன்.

அதிகாரி அதை எண்ணினார். சரிபாதியைப் பிரித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாமாவைப் பார்த்துச் செல்லக் கோபத்தோடு சொன்னார்:

"நம்ம ஆளுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே சார், நம்ம லைன்ல வேலை பார்த்தவங்கள்ட்ட நாங்க முழு ரேட் வாங்கறதில்லையே."