லெந்து நாட்களில் பூத்த கிளாடியோலஸ்

அப்பா இறந்து ஒரு வருடம் நிறையும் ஞாயிற்றுக்கிழமை, ஆலயப் பீடத்தில் நான் வளர்த்த வெள்ளை கிளாடியோலஸ் பூக்கள் நிற்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நவம்பர் மழை விட்டதும் சேலையூர் வீட்டின் பின்புறம் கிழங்குகளை நட்டேன். எந்தப் பக்கம் மேலே என்ற சந்தேகத்தில் இரண்டைத் தோண்டிப் பார்த்துத் திரும்பப் புதைத்தேன். பூக்க எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டு, அந்த ஞாயிறிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் நட்டது. வெள்ளிக்கிழமை கீழ் மொட்டுகளில் வெள்ளை தெரிந்தது.

மாலை அக்கவுண்ட்ஸ் வகுப்புக்குப் போகும் வழியில், பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்யும் ஹில்டா ஆன்ட்டி வீட்டில் நின்றேன்.

"நாளைக்குப் பூ கொண்டு வரேன் ஆன்ட்டி."

"லெந்து ஆரம்பிச்சாச்சே ஜெரூஷா. ஈஸ்டர் வரைக்கும் பீடத்துல பூ கிடையாது. சாம்பல் புதனுக்கு நீதானம்மா பைபிள் வாசிச்சே?"

நான்தான் வாசித்தேன். சாம்பல் புதனோடு தொடங்கும் தவக்காலம்தான் லெந்து; போன வருடம் இதே தேதியில் அது தொடங்கியிருக்கவில்லை. ஈஸ்டர் வருடா வருடம் நகரும் என்பது எனக்குத் தெரியாததா? வகுப்பில் பற்று எது, வரவு எது என்று மண்டையில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"தெரியும். நீ தினம் தண்ணி ஊத்திட்டிருந்த. எப்படிச் சொல்றது?"

வெட்டாவிட்டால் செடியிலேயே வாடும். கல்லறையில் வைக்கலாம் என்றால், அப்பாவை அடக்கம் செய்தது திருநெல்வேலியில்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு தனக்கோடி அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, பூத்துக்கீது, மூஞ்சிய தொங்கப் போட்டுகினு நிக்கிற?"

சொன்னேன்.

"அட, அப்பா போட்டோக்கு வையேன். இதுக்குப் போயி பேஜாரா?"

எங்கள் வீட்டில் படத்துக்குப் பூ வைக்கும் வழக்கமில்லை. அது வணங்குவது போல ஆகிவிடும் என்று அம்மா அதில் கண்டிப்பு. அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலையாட்டினேன். பிறகு பூக்களை வெட்டி, ஜாடியில் போட்டு, சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அப்பாவின் படம் எதிர்ச் சுவரில் இருந்தது. நான் செய்தது சரியா என்று அம்மா முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிறு காலை ஆலயத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மா மேஜையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடி. இங்க வெயில் அடிக்குது."

படத்துக்கு நேர் கீழே, சுவரோடு ஒட்டி நிறுத்தினோம்.

"படத்துக்கு வெச்ச மாதிரி ஆகாதாம்மா?"

"மேஜைக்கு வெச்சது. மேஜை எங்க இருக்கோ அங்கதான் இருக்கும். நேரமாச்சு, வா."

மதியம் சாப்பிட உட்காரும்போதுதான் கவனித்தோம். மேஜையைச் சுவரோடு ஒட்டியதில் அந்தப் பக்கம் இடமில்லாமல் போன அப்பாவின் நாற்காலியை இனி எங்கே போடுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.