கிம்ச்சிக்குள் இன்சுலின்

பூசான் விமான நிலையத்தில், எக்ஸ்ரே பெட்டிக்குள் போன கிம்ச்சி என்கிற காரக் கோசு ஊறுகாய் டப்பா வெளியே வராமல் நின்றுவிட்டது. திரைக்கு முன்னால் இருந்த பெண் அதிகாரி கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தாள். ஜப்பானில் இருக்கும் ஒசாகாவுக்குப் போகப்போகிற குஷியில் ஓக்பூனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது.

மீன் சந்தையில் நெத்திலிக் கருவாடு விற்கிறவள் அவள். சந்தைப் பெண்கள் ஆண்டுதோறும் கும்பலாக ஊர் சுற்றக் கிளம்புவார்கள். சர்க்கரை வந்து இன்சுலின் போட ஆரம்பித்ததிலிருந்து எல்லார் கடைக்கும் காவல் ஓக்பூன்தான். ஊசியோடு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று யாரோ சொன்னதைச் சந்தையே நம்பியது, அவளும்தான். இந்த முறை பக்கத்துக் கடை மல்சூன் ஒரு வழி கண்டுபிடித்தாள். மருந்தைத்தானே பிடுங்குவார்கள்? கிம்ச்சியை எந்தக் கொரியன் பிடுங்குவான்? இன்சுலின் பேனாக்களையும் ஊசிகளையும் பையில் இறுகக் கட்டி, கோசுக்கு நடுவே புதைத்தாயிற்று. குளிர்ச்சிக்குக் குளிர்ச்சியும் ஆச்சு.

"அம்மா, இது உங்களுதா? உள்ள என்ன?"

"கிம்ச்சி, கண்ணு."

"கிம்ச்சிக்குள்ள?"

ஓக்பூன் மல்சூனைப் பார்த்தாள். மல்சூன் கூரையைப் பார்த்தாள்.

"என் சர்க்கரை மருந்து. அத எடுத்துக்கிட்டீன்னா நான் இப்படியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்."

"மருந்த யாரும்மா கேட்டா? தாராளமா கொண்டுபோங்க. கிம்ச்சியத்தான் விட்டுட்டுப் போகணும். அது தண்ணிக் கணக்குல வருது, தண்ணிய விமானத்துக்குள்ள விட மாட்டோம்."

ஓக்பூனுக்குச் சந்தேகம் தட்டியது. உசத்திச் சரக்கை விட்டுக்கொடுத்து, மலிவுச் சரக்கைக் கட்டிப் பிடிக்கிற ஆளை இத்தனை வருஷ வியாபாரத்தில் அவள் பார்த்ததில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது.

"சரி, பாதிப் பாதி. பாதி மருந்து, பாதி கிம்ச்சி."

"பேரமே கிடையாதும்மா! முழு மருந்தும் உங்களுக்குத்தான்!"

"அக்கா, வாய மூடு," என்று மல்சூன் அவள் இடுப்பில் கிள்ளினாள். "அவளே தரேங்கிறா, நீ கொறைக்கிறியே! நான் அரைச்சுப் பூசின கிம்ச்சி போகுதேன்னு எனக்கு வயிறு எரியுது."

ஒசாகா விமானத்துக்குக் கடைசி அழைப்பு ஒலித்தது. ஓக்பூன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு டப்பாவுக்குள் இரு கைகளையும் விட்டாள். பூண்டு வாசனை கிளம்ப, வரிசையில் நின்றவர்கள் எச்சில் விழுங்கினார்கள். வெளியே வந்த பையை அதிகாரி துடைத்து, பிரித்துப் பார்த்து, மறுபடி கட்டி அந்தப் பக்கத்துத் தட்டில் வைத்தாள்.

"இந்தச் சோதனைக் கூண்டுக்குள்ள வந்து நில்லுங்கம்மா. ரெண்டு கையும் மேல தூக்குங்க."

ஓக்பூன் தூக்கினாள். பத்து விரலும் மிளகாய்ச் சிவப்பு. சாறு முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அவள் ஏறப்போகிற விமானத்தின் வெள்ளை வயிறு தெரிந்தது. இயந்திரம் அவளைச் சுற்றி வந்து நின்ற பிறகும், ஜெயித்தவள் போலத் தூக்கிய கைகளை அவள் இறக்கவில்லை.