சூசையப்பர் மணியடித்த வீடுகள்

"நத்தார் எண்டா என்ன? ஆருக்குத் தெரியும்?" என்று துஷ்யா கேட்டாள்.

நோர்வேயில், ஹொல்ம்லியாவில் வாடகைக்கு எடுத்த ஒரு பாடசாலை அறையில், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும். மற்ற நாள்களில் துஷ்யா ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். சனிக்கிழமையானால் ரீச்சர். அன்றைக்குப் பாதிப் பிள்ளைகள் காய்ச்சல் என்று வரவில்லை. வந்திருந்தவர்கள் கம்சிகா, அவளுடைய தம்பி கிருஷிகன், பிறகு வகுப்பிலேயே சின்னவனான ஏழு வயதுக் கீர்த்திகன்.

"பரிசு" என்றான் கிருஷிகன்.

"இஞ்சி பிஸ்கற். பள்ளிக்கூடமும் இல்லை" என்றான் கீர்த்திகன்.

கம்சிகா கொஞ்சம் யோசித்தாள். "யேசுவுக்குப் பிறந்தநாள். ஆனா பரிசு எங்களுக்கு. அது ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை ரீச்சர்."

துஷ்யாவுக்குச் சிரிப்பு வந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதையை முதலிலிருந்து தொடங்கினாள். மாதாவின் வயிற்றில் பிள்ளை. கணவர் சூசையப்பர் அவரைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு பெத்லகேமுக்கு வருகிறார். தங்குவதற்கு ஒரு இடம் கேட்டு அலைகிறார். எல்லோரும் இல்லையென்று சொல்லிவிடுகிறார்கள்.

"ஏன் முதலே ஹொட்டேலுக்குச் சொல்லி வைக்கேல்லை?" என்று கேட்டான் கிருஷிகன்.

"கொம்யூனுக்கு ரெலிபோன் எடுத்திருந்தா வீடு குடுத்திருப்பினம்" என்று நகரசபையைச் சொன்னான் கீர்த்திகன். "வயித்தில பிள்ளையோட வந்து நிண்டா ஒருத்தரும் இல்லையெண்டு சொல்ல மாட்டினம். இது பொய்க் கதை ரீச்சர்."

அவன் குறும்புக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே நம்பவில்லை. கேட்டால் கதவு திறக்கும் என்றுதான் அவனுக்குத் தெரியும். துஷ்யா கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"அப்ப நாளைக்குக் கேட்டுப் பாப்பமோ? வேசம் போட்டுக்கொண்டு போய், வீடு வீடா மணியடிச்சு?"

மூன்று பேரும் துள்ளி எழும்பினார்கள். நத்தாரையொட்டிப் பிள்ளைகள் வேசம் கட்டி வீடு வீடாகப் பாடி இனிப்பு வாங்குவது இங்கே வழக்கம்தான்.

"இனிப்புத் தருவினமோ?" என்றான் கீர்த்திகன்.

"நாங்கள் இனிப்புக் கேக்கப் போறேல்லை. இடம் மட்டும்தான்."

அன்று பின்னேரம் துஷ்யா பெற்றோருக்குத் தொலைபேசி எடுத்தாள். கம்சிகாவின் அம்மா உடனே சரியென்றாள். கீர்த்திகனின் அப்பா இந்திரகுமார் பேருந்து ஓட்டுகிறவர், மரியாதையான மனிசன். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"நான் வந்த காலத்தில எத்தினை கதவில போய் நிண்டனான் எண்டு எனக்குத்தான் தெரியும் ரீச்சர். என்ர பிள்ளை நிக்க வேண்டாம்."

துஷ்யா வாதாடவில்லை. "அண்ணை, அப்ப நீங்களும் வாங்கோ. சரிவராது எண்டு பட்டா அந்த இடத்திலேயே கூட்டிக்கொண்டு போங்கோ."

"சரி. நான் பின்னால நிப்பன்" என்றார்.

ஞாயிறு நாலு மணிக்கே பியோர்ண்டால் குடியிருப்பு இருட்டிவிட்டது. கீர்த்திகனின் வீட்டுக்குப் பக்கத்துக் கட்டிடத்தின் வாசலில் எல்லோரும் கூடினார்கள். கீர்த்திகன் அம்மாவின் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பனிச்சறுக்குத் தடி ஒன்றைக் கைத்தடியாகப் பிடித்துச் சூசையப்பராக நின்றான். கம்சிகா தலையில் நீலத் துணி கட்டியிருந்தாள். வயிற்றுக்குத் தலையணை வைக்க வேண்டிய தேவையே வரவில்லை, அவளுடைய தடித்த குளிர் அங்கி போதுமாயிருந்தது. கிருஷிகன் கழுதை. மட்டையில் வெட்டிய காதுகளும், இருட்டில் தெரியட்டும் என்று அம்மா போட்டுவிட்ட மஞ்சள் மின்னும் மேலங்கியும். கொஞ்சம் தள்ளி இந்திரகுமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் கதவைத் திறந்த இளைஞனின் காதில் பெரிய ஹெட்போன் இருந்தது. "எங்களுக்குத் தங்க இடம் இருக்கா?" என்று கீர்த்திகன் நோர்வேஜிய மொழியில் கேட்டான். இளைஞன் ஒரு பக்கக் காதைத் திறந்து, "நான் ஒண்டும் ஓடர் பண்ணேல்லையே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

எதிர்க் கதவில் ஒரு பெண். அவர்களைக் கண்டதுமே கையை ஆட்டத் தொடங்கிவிட்டாள். "போன கிழமைதானே ரொய்லற் பேப்பர் வாங்கினனான்! இன்னும் ஒரு மூட்டை கிடக்கு."

பிள்ளைகளின் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் காசு சேர்க்க, இங்கே பலர் செய்வதுபோல, வீட்டு வாசலில் ரொய்லற் பேப்பர் விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். கழுதை சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்தது.

அடுத்த மாடியில் ஒரு வயதான மனிதர் முகம் மலர, "எவ்வளவு வடிவு!" என்று சொல்லி, ஆளுக்கொரு தோடம்பழம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கம்சிகாவுக்குச் சந்தோசம். கீர்த்திகன் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நாங்கள் இடம் எல்லோ கேட்டனாங்கள். இதை ஏன் தந்தவர்?"

அதற்கடுத்த மாடியில் அவனே ஓடிப்போய் மணியை அடித்தான். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. காலடி கேட்டது. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி ஓட்டை இருண்டது. யாரோ பார்க்கிறார்கள். பிறகு மறுபடி வெளிச்சமானது. காலடி திரும்பிப் போனது. தொலைக்காட்சியின் சத்தமும் நின்றுவிட்டது.

கீர்த்திகன் இன்னொரு தரம் அடித்தான். ஒருவரும் வரவில்லை.

படியில் குந்தி அழத் தொடங்கினான். "உள்ளுக்கு ஆள் நிக்குது. என்னைப் பாத்தவை. பாத்திட்டுத்தான் போனவை."

கீழே நின்ற இந்திரகுமார் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். துஷ்யாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பிள்ளையை அழவைத்துப் படிப்பிக்கிறது என்ன படிப்பு என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"காணும் அப்பு. எழும்பு, வீட்டை போவம்" என்றார் இந்திரகுமார்.

கீர்த்திகன் எழும்பவில்லை. "அப்பா, மாதாவுக்கு நாரி, முதுகு எல்லாம் நொந்திருக்கும் என்ன? அவவும் இப்பிடித்தான் படியில இருந்திருப்பா."

இந்திரகுமார் மகனுக்குப் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தார். ஒருவரும் அசையாததால் படிக்கட்டின் விளக்கு தானாக அணைந்தது.

அப்போதுதான் அவர்கள் தொடாத கதவு, எதிர்ப்பக்கத்துக் கதவு, திறந்தது. வெளிச்சத்தோடு பஜ்ஜி வாசமும் வந்தது.

"யாரு அழறது? தமிழ்ச் சத்தம் கேட்டுச்சே!" என்றாள் வாசலில் நின்ற இளம்பெண்.

கீர்த்திகன் சால்வையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். "எங்களுக்கு இஞ்சை இடம் இருக்கோ?"

"என்ன கண்ணா?"

கம்சிகா முன்னால் வந்து, படங்களில் கேட்ட தமிழில் திருத்திச் சொன்னாள். "ஆண்ட்டி, நாங்க தங்குறதுக்கு இடம் இருக்கா?"

அந்தப் பெண் சால்வைக்காரனைப் பார்த்தாள். நீலத் துணியைப் பார்த்தாள். மட்டைக் காதுகளைப் பார்த்தாள்.

"இருக்கே! எல்லாரும் உள்ள வாங்க. கழுதையும் வரலாம்."

கீர்த்திகன், "இருக்காம்! அப்பா, இடம் இருக்காம்!" என்று கத்தினான். கட்டிடம் முழுவதும் கேட்டிருக்கும்.

அவள் பெயர் ஸ்ரீலேகா. கணவன் இளமாறன், கணினி வேலைக்காக வந்தவன். இருவரும் கோயம்புத்தூர்க்காரர்கள். இலையுதிர்காலத்தில் வந்தவர்களுக்கு வீட்டில் ஒரு சோபாவும் பிரிக்காத அட்டைப்பெட்டிகளும்தான் இருந்தன. பிள்ளைகள் பெட்டிகளில் ஏறி உட்கார்ந்தார்கள். இளமாறன் கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இங்க வந்ததுலேர்ந்து பார்சல்காரரைத் தவிர யாருமே வீட்டுக்கு வந்ததில்லைங்க" என்றான். "இன்னும் ரெண்டு வெங்காயம் நறுக்கிடறேன்."

பஜ்ஜி தட்டு தட்டாக வந்தது. இந்திரகுமார் தேநீரை வாங்கிக்கொண்டு, "முதல் பனிக்காலம் கவனம் தம்பி. சப்பாத்துக்குக் கீழ போடுற ஆணி வாங்கிப் போட்டீங்களோ?" என்று கேட்டார்.

"சப்பாத்துன்னா?"

"ஷூ!" என்று மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஆமா, இது என்ன வேஷம்? பள்ளிக்கூடத்து டிராமாவா?" என்று கேட்டாள் ஸ்ரீலேகா.

"டிராமா இல்லை, உண்மை" என்றான் கீர்த்திகன். நேற்றுப் பொய்யென்று சொன்ன கதையை வாயில் பஜ்ஜியோடு சொல்லத் தொடங்கினான். கடவுள் சின்னப் பிள்ளையாகப் பிறக்க வந்தது, கதவு கதவாகக் கேட்டது, கண்ணாடி ஓட்டையால் பார்த்துவிட்டுத் திறக்காமல் போனவர்கள், கடைசியில் மாட்டுத்தொழுவம். கண்ணாடி ஓட்டை வேதாகமத்தில் இல்லையென்று துஷ்யா திருத்தவில்லை.

இளமாறன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டான். "எனக்கு ஒரு சந்தேகம். அவரு கடவுள்தானே? கதவெல்லாம் தானாத் திறக்கட்டும்னு பண்ணியிருக்கலாமே?"

துஷ்யா பதில் சொல்ல வாயெடுத்தாள். கீர்த்திகன் முந்திவிட்டான்.

"அவர் அப்பிடிச் செய்ய மாட்டார். வெளியில நிண்டு கேப்பார். நாங்கள்தான் திறக்கோணும்." பிறகு தட்டை நீட்டினான். "இன்னொண்டு தருவீங்களோ?"

துஷ்யா சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பி யன்னலைப் பார்த்தாள். கண் கலங்கியதைப் பிள்ளைகள் காண வேண்டாமே என்று நினைத்தாள். இந்திரகுமார் மட்டும் கண்டார். "நல்ல வகுப்பு ரீச்சர்" என்றார் மெதுவாக.

தேநீர் முடிந்து அவர்கள் எழும்பியபோது கீர்த்திகன் தடியைத் தேடினான்.

"எங்க போறாய்? அதுதான் இடம் கிடைச்சிட்டுதே" என்றாள் கம்சிகா.

"மேல இன்னும் ஆக்கள் இருக்கினம். அவையையும் கேக்கோணும். கேக்காட்டி அவை எப்பிடித் திறக்கிறது?"

ஸ்ரீலேகா கொளுவியிலிருந்து தன் குளிர் அங்கியை எடுத்தாள். "நானும் வரட்டுமா? மேல யாரு இருக்காங்கன்னு எனக்கே தெரியாது." கணவனின் கையைப் பிடித்து அவனையும் இழுத்தாள்.

அவர்களுக்கு என்ன வேசம் கொடுப்பது என்று படியில் ஏறும்போது ஒரு வாக்குவாதம் நடந்தது. கைத்தொலைபேசி விளக்கைத் தலைக்கு மேல் பிடித்து ஸ்ரீலேகா வழிகாட்டும் வால்வெள்ளியானாள். இளமாறன் இடையன். ஆடு இல்லையே என்று கிருஷிகன் கவலைப்பட்டான்.

மேல் மாடியில் மணியடித்ததும் முக்காடு போட்ட ஒரு பெண் கதவைத் திறந்தாள். முழங்கை வரை கோதுமை மா. கீர்த்திகன் நிமிர்ந்து நின்று தெளிவாகக் கேட்டான். அவள் எல்லோரையும் ஒருதரம் பார்த்தாள், மட்டைக் காதில் பார்வை கொஞ்சம் அதிகமாக நின்றது. பிறகு உள்ளே திரும்பி உருது மொழியில் யாரையோ கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே, வாசலை அடைத்துக் கிடந்த சப்பாத்துகளைக் காலால் ஓரமாகத் தள்ளித் தள்ளி அவர்களுக்கு வழிவிடத் தொடங்கினாள்.