கட்டை போட்டாச்சா?

கிழக்கு வெளுக்கும் முன்னே கழுவுதுறையில் தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. வாகிரா ஏணியில் நின்று டேங்கரின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மலைச் சேறு காய்ந்துவிட்டால் தோலைப் போல ஒட்டிக்கொள்ளும். தோள் கழன்று விழுகிற அளவுக்கு அழுத்தித் தேய்த்தால்தான் விடும். வால்வு இடுக்குகளில் அம்மோனியா வாடை ஒளிந்திருக்கும். தண்ணீர் பட்டதும் எழுந்து வந்து மூக்குக்குள் ஊசி ஏற்றும். கண்ணில் நீர் வந்தால் துடைக்கக் கூடாது, கையிலிருப்பதும் அதே நஞ்சுதானே. வழிகிறபடி வழிய விட்டுவிட வேண்டும். இந்த வாரம் அதுவும் ஒரு வசதியாகப் போயிற்று. அவள் அழுகிறாளா, வேலை செய்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவள் புருஷன் ரசிமான் ஓட்டிப்போன டேங்கர் கெபோ மேட்டில் பின்னால் உருண்டு பள்ளத்தில் கவிழ்ந்தது. மலைமேல் இருக்கும் ரப்பர் பால் ஆலைக்குப் போக வேண்டிய அம்மோனியா, வால்வு உடைந்து வெள்ளைப் புகையாகக் கீழே இறங்கியது. மேட்டடியில் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த கிழவனும் கிழவியும் கூடைக்குப் பக்கத்திலேயே கிடந்தார்கள். ரசிமானுக்கு உயிர் இருந்தது, தொண்டை இல்லை. வெந்துபோன குரலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். கதவோரம் முக்காலி போட்டு ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். ரசிமான் ஓடிப்போய்விடக் கூடாதாம்.

ஏன் என்றால், ஊருக்கே ஒரு படம் கிடைத்துவிட்டது. ஒரு மனிதன் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கவிழ்ந்த டேங்கரை விட்டு மேடேறி ஓடுகிறான். அவ்வளவுதான் படம். அதற்கு யாரோ ஒரு கேலிப் பாட்டையும் சேர்த்துவிட்டார்கள். செமாராங் நகரத்திலிருந்து டிவிக்காரர்கள் வந்து அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

கழுவுதுறைச் சுவருக்கு அந்தப் பக்கம் காப்பிக்கடை. பேச்செல்லாம் தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டி வந்து விழும்.

"தூங்கிட்டான்யா. பாத்தாலே தெரியுது."

"தூக்கமா? மாத்திரை! போட்டா மூணு நாள் முழிச்சிருக்கலாம், நாலாம் நாள் இப்படித்தான்."

"நீங்க ஒண்ணு. மேட்டடி ஆலமரத்துக்கு ஹாரன் அடிக்காமப் போயிருப்பான். அங்க இருக்கறவ சும்மா விடுவாளா?"

"அம்மோனியாங்கறதே பொய். என் மச்சான் சொன்னான், அது குண்டு செய்யற மருந்தாம். செத்தது ரெண்டு பேர் இல்ல, முப்பது பேர். மறைக்கறாங்க."

"உன் மச்சான் அங்க இருந்தானா?"

"போன்ல பாத்தான்."

வாகிராவோடு கழுவுகிற சுலாஸ் சின்னப் பெண், துடுக்குக்காரி. பிரஷ்ஷை வாளியில் எறிந்தாள். "யூ, இந்தத் தண்ணிக் குழாயைச் சுவத்துக்கு மேல ஒரு திருப்புத் திருப்பட்டுமா? காப்பியோட குடிக்கட்டும்." 'யூ' என்றால் அங்கே அக்கா.

"வேணாம். தண்ணி வீணாப் போவும்," என்றாள் வாகிரா.

அந்தப் படத்தை அவள் ஒரே ஒரு முறைதான் பார்த்தாள். அது போதும். படத்தின் ஓரத்தில் ஒரு குஞ்சம் ஆடுகிறது, பஸ் ஜன்னல் திரையின் குஞ்சம். மேலிருந்து இறங்கி வந்த சுற்றுலா பஸ்ஸுக்குள் உட்கார்ந்து எடுத்தது அது. ரசிமான் வாய் அசைகிறது, பாட்டுச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. பத்து வருஷம் பக்கத்து இருக்கையில் வந்தவளுக்கு அந்த வாயைப் படிக்கத் தெரியாதா? சட்டையை வீசி 'திரும்பு, திரும்பு' என்றுதான் கத்துகிறான். பஸ் நின்றது, பின்வாங்கியது, உள்ளேயிருந்தவர்கள் பிழைத்தார்கள். பிழைத்த கையோடு படத்தை ஊருக்கு அனுப்பினார்கள்.

பக்கத்து இருக்கையில் வந்தாள் என்றால் சும்மா வரவில்லை, பாருங்கள். ரசிமானின் வண்டிக்கு அவள்தான் கிளீனர். மலைப்பாதை வண்டிகளில் பெண்டாட்டியையே கிளீனராகக் கூட்டிப்போகிற வழக்கம் அங்கே உண்டு. சோற்றுக்குச் சோறும் ஆச்சு, துணைக்குத் துணையும் ஆச்சு. மேட்டில் வண்டி திணறி நின்றால் கிளீனர் குதித்து, டேங்குக்கு அடியில் தொங்கும் வேங்கைக் கட்டையை உருவிக்கொண்டு ஓடிப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டுகிறவன் உள்ளேயிருந்து கதவை ஒரு தட்டுத் தட்டுவான். கட்டை போட்டாச்சா? கிளீனர் டேங்கில் இரண்டு தட்டுவாள். போட்டாச்சு. அந்த இரண்டு தட்டு காதில் விழாமல் எவனும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டான்.

போன மழைக்காலத்தில் முதலாளி ஹார்யோ கிளீனர்களை எல்லாம் நிறுத்திவிட்டார். புது வண்டிக்கு ஒரு ஆள் போதும் என்றார். வண்டிகளோ பழையவை, பெயிண்ட் மட்டும்தான் புதுசு. வாகிராவைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்குக் கழுவுதுறையில, நிழல்ல வேலை தர்றேன்," என்றார். அவள் குனிந்து நன்றி சொன்னாள்.

அதற்குப் பிறகு ஓட்டுநர்கள் தாங்களே ஒரு வழி பண்ணிக்கொண்டார்கள். மேட்டில் நின்றால் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுக் குதிப்பது, கட்டையோடு பின்னால் ஓடுவது, சக்கரம் உருள்வதற்குள் போட்டுவிட்டு மறுபடி ஏறுவது. செய்யக் கூடாத வேலை. எல்லாரும் செய்தார்கள், ரசிமானும்தான். கம்பெனிக்கும் தெரியும்.

நேற்று ஆஸ்பத்திரியில் ரசிமான் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். கையைத் தூக்கிக் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினான். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வலிக்கிறதாக்கும் என்று நர்ஸ் ஓடி வந்தார். வாகிராவுக்கு மட்டும் புரிந்தது. கெபோ மேட்டில் யாரும் பதில் சொல்லாத கேள்வியை அவன் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் கம்பியில் இரண்டு தட்டினாள். அப்புறம்தான் அவன் கண்ணை மூடினான்.

அங்கிருந்து வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு டிவியில் தர்முஜி, ரசிமானோடு அதே கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவன்.

தர்முஜியை அவள் 'காங்' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சியாக உட்கார்ந்தவன். ரசிமான் தட்டிலிருக்கும் தெம்பே வறுவலில் பாதி எப்போதும் அவனுக்குத்தான். அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மைக்கைப் பார்த்து, ஒப்பித்த பிள்ளை மாதிரி சொன்னான்: "ரசிமான் நல்லவர்தான். ஆனா ஓட்டும்போது தூங்குவார். நாங்க பல தடவை சொல்லியிருக்கோம்."

ஊர் பேசியது வெயில் மாதிரி; தோலோடு நின்றது. இது எலும்பில் போய் இறங்கியது.

விடிந்ததும் ஹார்யோ வந்தார். ஓட்டுநர்களையும் கழுவுகிற பெண்களையும் வண்டி முற்றத்தில் நிறுத்தினார். வடகரைத் துறைமுகத்தின் புழுக்கம் அதற்குள்ளேயே ஆரம்பித்திருந்தது. கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார்.

"ரசிமான் மேல எனக்குக் கோவம் கிடையாது. மனுஷன்தானே, கண்ணு அசந்துடுச்சு. இன்னிக்கு விசாரணைக்காரங்க வருவாங்க. தர்முஜி சொன்னதையே எல்லாரும் சொல்லுங்க. கம்பெனி நிக்கும். கம்பெனி நின்னா உங்க அடுப்பு எரியும்."

மூத்த ஓட்டுநர் கஸ்மான் காதிலிருந்த கிராம்புச் சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தார், பற்றவைக்கவில்லை. "கிளீனரை நிறுத்தினது யாருன்னும் கேப்பாங்களா பாக்?" 'பாக்' என்றால் ஐயா.

"கிளீனர் இருந்திருந்தா அந்தப் புகையில அவனும் போயிருப்பான்! ஒரு உசுரை மிச்சம் பண்ணிருக்கேன்."

"மிச்சம் பண்ணது உசுரையா பாக், கூலியையா?"

கேட்டது வாகிரா. கையில் பிரஷ் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஹார்யோ அவள் பக்கம் திரும்பி மெல்லச் சிரித்தார். "நீ மனசு உடைஞ்சு பேசுற, அம்மா. ஒரு பொம்பள கட்டையைத் தூக்கிட்டு மலையில ஓடுறதப் பாக்கச் சகிக்காமத்தான் உன்னை நிழல்ல வெச்சேன். அன்னிக்குக் குனிஞ்சு நன்றி சொன்னியே, மறந்துட்டியா?"

"மறக்கல பாக். அதான் எரியுது."

ஹார்யோ கைக்குட்டையை மடித்தார். "நேரமாச்சு. ஆலைக்குச் சரக்கு போவணும். தர்முஜி, நீ முன்னால எடு."

தர்முஜி யாரையும் பார்க்காமல் ஏறினான். முற்றத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் வழி சின்னதுதான், ஆனால் செங்குத்து. டேங்கர் முக்கி முனகி வாசல் வரை ஏறியது. சாலையில் பஸ்களும் லாரிகளும் இடைவெளி விடாமல் போய்க்கொண்டிருந்தன. நிறுத்த வேண்டியதாயிற்று. எஞ்சின் இருமி அணைந்தது. நிறைசரக்கு வண்டி ஒரு சாண் பின்னால் நழுவியது. பின்னால் நேர்க்கோட்டில் கழுவுதுறை, பெண்கள், வாளிகள்.

கதவு படீரென்று திறந்தது. தர்முஜி குதித்தான். கட்டையை உருவினான், பொத்தான் கழன்ற சட்டை பின்னால் பறக்க, மறு கையை வீசிக்கொண்டு ஓடினான். சக்கரத்தடியில் கட்டையை எறிந்து காலால் உதைத்தான். சக்கரம் அதன்மேல் ஏறப் பார்த்து, முனகி, நின்றது.

ஓடிய அந்த உருவத்தை ஒரு வாரமாக எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

சுலாஸின் கையில் போன் இருந்தது. எது நடந்தாலும் முதலில் போனை நீட்டுகிற வயசு. அவள் ஓட்டிக் காட்டினாள். கதவு திறக்கிறது, ஒருவன் குதித்து ஓடுகிறான். கட்டை தெரியவே இல்லை.

"அனுப்பு," என்றார் கஸ்மான். "'இன்னொருத்தனும் தூங்கி எழுந்து ஓடுறான்'னு எழுதி அனுப்பு. பாட்டும் போடு."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் கசந்தது.

தர்முஜி சக்கரத்தோரம் குனிந்தபடியே நின்றான். வாகிரா அவன் அருகே போனாள். அவன் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான், "வாகிரா… அவன் தூங்கல. எனக்குத் தெரியும். முற்றத்துலயே மேஸ்திரி வேலை தர்றேன்னாங்க, இனிமே மலையேற வேணாம்னாங்க. எனக்கு அந்த மேடுன்னாலே பயமா இருக்கு."

"அவருக்கு மட்டும் பயம் இல்லையா காங்? புறப்படறப்பல்லாம் கட்டையத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் போவாரு." அவள் குரல் உயரவில்லை. "எங்கிட்ட ஏன் சொல்ற? எனக்கு முன்னயே தெரியும். உரக்கச் சொல்ல வேண்டிய இடத்துல பொய்யச் சொல்லிட்டு, நிஜத்தை எங்காதுல ஊதுறியே."

அவன் ஹார்யோவைப் பார்த்தான். பார்வையைச் சக்கரத்துக்கே திருப்பிக்கொண்டான். அவளுக்கு அது போதும், எதிர்பார்க்காததும் இல்லை. ஆனாலும் எங்கேயோ ஒரு நூலிழை மிச்சமிருந்திருக்கிறது போலும், அது அப்போதுதான் அறுந்தது.

"வேடிக்கை முடிஞ்சுது!" ஹார்யோ கத்தினார். துக்கக் குரல் எங்கேயோ போயிருந்தது. "ஏறு தர்முஜி! வண்டியை எடு!"

வாகிரா திரும்பி நடந்தாள். வரிசையில் நின்ற அடுத்த டேங்கருக்கு அடியில் குனிந்து கட்டையை உருவினாள். ஒரு மழைக்காலமாகத் தொடாத கனம். கை மறக்கவில்லை. அதைக் கொண்டுவந்து தர்முஜியின் வண்டிக்கு முன்சக்கரத்தடியில் வைத்தாள். இனி அது பின்னாலும் போகாது, முன்னாலும் போகாது.

"என்ன பண்ற நீ?"

"கிளீனர் வேலை பாக். ஆள் இல்லன்னீங்களே."

கஸ்மான் சிகரெட்டைக் காதில் திரும்பச் செருகிக்கொண்டார். தன் வண்டிக்குப் போய்த் தன் கட்டையை எடுத்தார். சுலாஸ் ஒன்றை இழுத்துக்கொண்டு ஓடினாள். கட்டை அவள் உயரத்தில் பாதி. பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. வரிசை நெடுக மரம் கல்லில் மோதும் சத்தம்.

"ரெண்டாவது ஆள் ஏறாம எந்த வண்டியும் மலையேறாது," என்றார் கஸ்மான். "விசாரணைக்காரங்க வரட்டும். அந்த மேட்டில கட்டையோட எப்படிக் குதிக்கறோம்னு ஒவ்வொருத்தனா சொல்லுவோம். செத்துப்போன கடலைக்காரங்க பிள்ளைங்க முன்னாலயும் சொல்லுவோம். எங்க தப்பும் அதுல இருக்கு, ஒளிக்க மாட்டோம்."

"போலீஸைக் கூப்பிடறேன்!"

"கூப்பிடுங்க பாக். ஒருத்தர் ஆஸ்பத்திரி முக்காலியில சும்மாத்தான் உக்காந்திருக்கார்."

ஹார்யோ போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குள் போனார். தர்முஜி தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தான். கால் பிரேக்கை மிதித்தபடியே இருந்தது. எடுக்கப் பயம். எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் மிதித்துக்கொண்டே இருப்பான்? அவன் கை தானாகக் கதவுக்குப் போயிற்று. பழக்கம்.

ஒரு தட்டு.

முற்றம் முழுக்க வாகிராவைப் பார்த்தது. அவளுக்கு நேற்றைய டிவி நினைவுக்கு வந்தது, புதுச் சட்டை, மைக், ஒப்பித்த குரல். பதில் சொல்ல வேண்டிய கடன் அவளுக்கு இல்லை. அவள் நின்றாள். பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் முன் சக்கரத்தை. கட்டை இரண்டும் சரியாகத்தான் இருந்தன. உள்ளே இருப்பவன் யாராயிருந்தாலும் கட்டை போட்டதைப் போட்டாச்சென்றுதான் சொல்ல வேண்டும்.

ஈரக் கையால் டேங்கில் இரண்டு தட்டினாள்.

தர்முஜி பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி அசையவில்லை. அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

பின்னால் கஸ்மான் தன் டேங்கில் இரண்டு தட்டினார். அடுத்தவர் இரண்டு. அதற்கடுத்து சுலாஸ், பிரஷ்ஷின் கட்டையால், பலமாக. வரிசை நெடுக அது போய்க்கொண்டே இருந்தது. சுவருக்கு அப்பால் காப்பிக்கடையில் பேச்சு நின்று, ஒவ்வொரு தலையாக மேலே எட்டிப் பார்த்தது. தூரத்தில் சைரன் கேட்டது, யாரும் நகரவில்லை.