கை பட்டால் வண்டி நிற்கும்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களிலேயே வாய்ச்சவடாலுக்குப் பேர்போனவர் கட்டுப்பல் அண்ணன். முன்வாயில் இரண்டு பல் கட்டியது. அசல் பல் எங்கே அண்ணே என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைய டீ ஆறிப்போகும். நோயாளி ஒருவரின் மகன், இன்னும் வேகமாகப் போ என்று பின்னாலிருந்து அவர் கழுத்தைப் பிடித்து உலுக்க, வண்டி நடுத்தடுப்பில் போய் மோதியது. இவருக்குப் பல் போனது. பின்னால் நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவள் அந்த வேலைக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வேறு யாராவது என்றால் தலையெழுத்து என்று இருந்திருப்பார்கள். இவர் விடுவாரா? மேலாளர் அறையில் ஒற்றைக்காலில் நின்றார். ஓட்டுநருக்குப் பின்னால் கம்பித் தடுப்பு வேண்டும். கூட வரும் சொந்தக்காரர் ஓர இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். பணியாளர் மேல் கை பட்டால் தடுப்பில் இரண்டு தட்டு, வண்டி ஓரங்கட்டி நிற்கும். கை விலகினால்தான் நகரும்.

"நடுவழியில நிறுத்தினா பேஷண்டுக்கு ஆபத்து இல்லையாய்யா?" என்றார் மேலாளர்.

"வண்டி கவுந்தா பேஷண்ட் மட்டும் பறந்தா சார் போவாரு?"

மேலாளர் கையெழுத்துப் போட்டார். விதி வந்தது. அதற்குப் பிறகு அந்த ஆம்புலன்ஸ் நிலையத்தில் ஒரு பல்கூட விழவில்லை என்று இவர் மார்தட்டிக்கொண்டு திரிந்தார். திரியட்டுமே, உண்மைதானே.

வார விடுமுறை நாள் ஒன்றில், காலை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவருக்குச் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், மனைவி அடுப்பு மேடையைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். இழுப்பு அவளுக்குப் பழைய சங்கதிதான். ஆனால் இப்படி ஒரு வார்த்தைகூடப் பேச முடியாமல் அவள் நின்று இவர் பார்த்ததில்லை. எத்தனையோ வீட்டு வாசலில் தைரியம் சொன்ன மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தட்டுத்தடுமாறி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். வந்தது அவருடைய நிலையத்து வண்டியேதான். சிகிச்சை பார்ப்பவள் வாத்தியாரம்மா. எல்லோரையும் அதட்டுவதால் வந்த பெயர். இவரோடு தினமும் வேலை பார்ப்பவள். மாற்று ஓட்டுநர் மௌனசாமி. அவர் வாயைத் திறந்தால் மழை வரும் என்று கேலி செய்வார்கள்.

மனைவியை ஏற்றியதும், "எறங்குய்யா, நான் ஓட்டறேன்," என்று பாய்ந்தார் இவர். மௌனசாமி கதவைச் சாத்திக்கொண்டார்.

"அண்ணே, இன்னைக்கு நீங்க டிரைவர் இல்ல, புருஷன். பின்னால ஏறுங்க, பெல்ட்டப் போடுங்க," என்றாள் வாத்தியாரம்மா.

ஏறினார், போட்டார். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. இடதுபக்கம் ஒடி, அந்த லாரியை முந்து என்று தடுப்பு வழியே கத்திக்கொண்டே வந்தார். மனைவியின் உதடு நீலம் பாரித்தது. அந்த நேரம் பார்த்து வாத்தியாரம்மா அவள் முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றினாள். மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்து வேறொரு மாஸ்க்கில் தயாராக இருந்தது. வருஷக்கணக்காக வண்டி ஓட்டியும் அண்ணன் பார்த்ததெல்லாம் ரோட்டைத்தான். முதுகுக்குப் பின்னால் நடப்பதை அவர் எங்கே கண்டார்? பெண்டாட்டியின் மூச்சைப் பிடுங்குகிறாள் என்றுதான் பட்டது. பொறி கலங்கிவிட்டது.

"எதுக்குடி எடுக்கற! வை திரும்ப!"

வாத்தியாரம்மாவின் மணிக்கட்டைக் குரங்குப்பிடியாகப் பிடித்தார். மறு கையை ஓங்கியும்விட்டார். பாவி மனுஷன், யார்மேல் ஓங்கினார் பாருங்கள்!

அவள் முழங்கையால் தடுப்பை இரண்டு முறை தட்டினாள். வண்டி ஓரங்கட்டி நின்றது.

"ஏன்யா நிறுத்தின? எடுய்யா, செத்துருவா!"

மௌனசாமி திரும்பிப் பார்த்தார். "கைய எடுங்க," என்றார்.

"அண்ணே, அந்த மாஸ்க்குல மருந்து இருக்கு," என்றாள் வாத்தியாரம்மா. குரலை உயர்த்தவில்லை. "நீங்க பிடிச்சிருக்கற வரைக்கும் அக்காவுக்கு மூச்சு இல்ல."

காற்றில் நின்ற தன் கையை அண்ணன் அப்போதுதான் பார்த்தார். பிடியை விட்டார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மாஸ்க் ஏறியது, வெள்ளைப் புகை சுழன்றது, வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரி வாசல் வரை மனிதர் கையை வெளியே எடுக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மனைவி, "இழுப்பு பாவம், அது என்னை விட்டுருச்சு. நீங்கதான் கொல்லப் பாத்தீங்க," என்றாள். அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டு அவள் ஆரஞ்சை உரித்தாள்.

அங்கிருந்து நேரே நிலையத்துக்குப் போனார். வாத்தியாரம்மாவின் மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"தப்பு பண்ணிட்டேன்மா. என்மேல புகார் எழுதிக் குடு."

"நேத்தே குடுத்துட்டேன் அண்ணே. டீ சாப்பிடுறீங்களா?"

ஒரு மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அவர் போய்!

திரும்பி வந்த முதல் வாரத்திலேயே, ஒரு நண்பகலில், தடுப்பில் இரண்டு தட்டு விழுந்தது. அண்ணன் ஓரங்கட்டினார். உள்ளே வாட்டசாட்டமான ஒருவன் வாத்தியாரம்மாவின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான். படுத்திருந்தது அவன் மனைவி.

"நிறுத்துறியா? உன் பொண்டாட்டி இப்பிடிக் கெடந்தா நிறுத்துவியாடா?"

அண்ணன் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை.

"அவளும் இப்பிடித்தான் கெடந்தா தம்பி. நிறுத்தினாங்க. அதனாலதான் இன்னைக்கு உசிரோட இருக்கா. கைய எடு, போலாம்."