செவலை கேட்ட பாட்டு

அன்பரசிக்குக் கடவுள் கொடுத்த குரல் நல்ல குரல்தான். சபையில் கிடைத்த இடம்தான் பாடகர் குழுவின் கடைசி வரிசை. பதினோரு வருஷமாக அங்கேயே நின்று, முன்னால் நிற்பவர்களின் கொண்டையைப் பார்த்துக்கொண்டே பாடியிருக்கிறாள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாட்டு என்றால் எப்போதும் சோபனாதான். இந்த வருஷம் சோபனாவுக்குப் பெங்களூரில் பிரசவம். குழுவை நடத்தும் மாதவராஜ் வாத்தியார் வேறு வழியில்லாமல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தார். "நீ பாடறியாம்மா அன்பரசி?" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் தலை ஆடிவிட்டது.

அடுத்த வருஷம் சோபனா வந்துவிடுவாள். கிடைத்தால் இந்த ஒரு முறைதான்.

கடத்தூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அது. அன்பரசிக்கு அங்கன்வாடியில் சமையல் வேலை. காலை ஆறு மணிக்கும் சாயந்திரம் நாலரைக்கும்தான் பாடிப் பழக நேரம் கிடைக்கும். வீட்டுக்குள் பாடினால் கணவன் தேவசகாயம் டிவி சத்தத்தைக் கூட்டுவான். அதனால் கொல்லைக்குப் போய் வேலியோரம் நின்று பாடுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் ராமக்காளின் மாட்டுக்கொட்டகை.

ராமக்காளுக்கு வயது அறுபதுக்கு மேல். தனிக்கட்டை. செவலை என்கிற ஒற்றைப் பசுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று இரண்டு மாதமாகிறது. செவலை வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து அன்பரசியின் அவரைப் பந்தலைப் பூவோடும் பிஞ்சோடும் தின்றுவிட்டுப் போனதில் வந்த சண்டை. "வேலி கட்டத் தெரியாதவளுக்கு அவரை என்னாத்துக்கு?" என்று ராமக்காள் கேட்டாளே, அதைத்தான் அன்பரசியால் மறக்க முடியவில்லை. அயலாரிடம் அன்பாயிருக்கச் சொல்லிப் போதகர் பிரசங்கம் செய்த ஞாயிற்றுக்கிழமை, பாவம், இவர் ராமக்காளைப் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பாட்டு வேலியைத் தாண்டும்போதெல்லாம் அங்கிருந்து பதில் வரும். "விடிஞ்சும் விடியாம இதென்ன கத்தலுங்கறன்!" யாரிடமும் சொல்லாத மாதிரி, ஆனால் தெருவுக்கே கேட்கிற மாதிரி. அன்பரசி சுருதியை இன்னும் கொஞ்சம் ஏற்றுவாள். இதில் அன்பு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அவளும் மனுஷிதானே.

டிசம்பர் ஆரம்பத்தில் செவலையின் கன்று கழிச்சல் கண்டு செத்துப்போனது. கன்று வாய் வைக்காமல் மாடு சுரப்பு விடாமல் அடம் பிடித்தது. நாலைந்து நாளில் அதுவே சரியாகிப் பாலும் இறங்கியது. புண்ணாக்கை மாற்றியதால்தான் என்று ராமக்காள் நம்பினாள். கடைக்காரரைக்கூடப் பாராட்டிவிட்டு வந்தாள்.

கிறிஸ்துமஸ் காலை விடிந்தது. எட்டரைக்கு ஆராதனை. அதுவரை ஒரு வரிகூடப் பாடக்கூடாது, தொண்டையைக் காப்பாற்று என்று வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்பரசி மிளகுத் தண்ணீர் குடித்தாள். குழுவுக்கென்று எடுத்த மயில்பச்சைப் புடவையைக் கட்டினாள். கணவனிடம்கூடச் சைகையில்தான் பேசினாள். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "வருசம் பூரா கிறிஸ்மஸா இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு மைக் செட் கட்டப் போனான்.

ஏழரை மணிக்குக் கொல்லையில் ராமக்காளின் குரல் கேட்டது. வழக்கமான வசவு இல்லை, கெஞ்சல். "விட்ரு சாமி... எந்தங்கமில்ல, விட்ரு..."

அன்பரசி வேலி வழியாகப் பார்த்தாள். செவலையின் மடி கல்லாக இறுகிக் கிடந்தது. பாத்திரம் காலி. ராமக்காளின் சேலையில் சாணியோடு ஒரு குளம்புத் தடம். கண்ணில் தண்ணீர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமக்காள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னிக்கி ஏம்மா நீ பாடல?"

"என்னக்கா?"

"ஆறு மணியிலருந்து காத உங்க வூட்டுப் பக்கமே வெச்சிக்கிட்டு நிக்குது. புண்ணாக்குன்னு நெனச்சிட்டிருந்தன். உம் பாட்டுக்குத்தான் இத்தன நாளா பால் எறக்கியிருக்குது. மடி கட்டிப் போச்சுன்னா மாடே போச்சும்மா. அது போனா நான் எங்க போவன்?"

பாடு என்று சொல்ல ராமக்காளுக்கு வாய் வரவில்லை.

ஆண்டவரே, பதினோரு வருஷம் கழித்து இன்றைக்குத்தானா, அதுவும் ராமக்காளா என்று அன்பரசி மனசுக்குள் ஒரு மூச்சுச் சண்டை போட்டாள். அப்புறம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செவலை பிய்த்த அதே ஓட்டை வழியாக அந்தப் பக்கம் நுழைந்தாள்.

"கதவில்லாக் கொட்டிலிலே கண்விழித்த ராசாவே..."

செவலையின் காது நிமிர்ந்தது. உதைக்கிற கால் அடங்கியது. இரண்டாவது சரணத்தில் பாத்திரத்தில் பால் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது. ஆனால் பாட்டு நின்றால் பாலும் நின்றது. "இன்னொருக்கா" என்றாள் ராமக்காள். இன்னொருக்கா பாடினாள். மூன்றாவது தடவையில் கோயிலின் முதல் மணி அடித்தது. ஐந்தாவதில் இரண்டாவது மணி. ராமக்காளின் வீங்கிய விரல் கணுக்கள் மடியில் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி பாடிக்கொண்டிருந்த அன்பரசிக்கு, அவரைப் பந்தல் நினைவு எப்போது போனது என்றே தெரியவில்லை. போகாவிட்டால் முதல் மணிக்கே கோயிலுக்கு ஓடியிருப்பாள். மடி தளர்ந்தபோது ஏழு தடவை பாடியிருந்தாள். மனசு நிறைந்திருந்தது. தொண்டைதான் கட்டியிருந்தது.

அவள் கோயிலுக்குள் நுழைந்தபோது தனிப்பாட்டு நேரம் தாண்டிப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. வாத்தியார் அவளைப் பார்த்த பார்வையில் அடுத்த பதினோரு வருஷமும் தெரிந்தது. கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டாள். அழுகை வந்தது. வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய்.

கடைசி ஆசீர்வாதத்துக்குப் போதகர் கையைத் தூக்கும் நேரம், வாசலில் ஒரு குரல்.

"சாமி, எங்க அன்பரசி பாடிட்டாளுங்களா?"

எல்லோரும் திரும்பினார்கள். தலை வாரி, வெளுத்த சேலை கட்டி, கையில் பால் கேனோடு ராமக்காள் நின்றாள். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு கால் படியில் இருந்தது.

"இல்லைங்கம்மா, அவங்க வர லேட்டாயிருச்சு" என்றார் போதகர்.

"லேட்டு எம் மாட்டாலதானுங்க. அதுக்கு ஏழு தடவ பாடினா. மாடு கேட்ட பாட்ட நீங்க ஒரு தடவ கேக்க மாட்டீங்களா?"

கோயிலே சிரித்தது. போதகரும் சிரித்தபடி கையை இறக்கி, அன்பரசியை முன்னால் வரச் சொன்னார். வாத்தியார் விஷயம் புரிந்து தாமே மைக்கை எடுத்துக் கொடுத்தார்.

முதல் சரணம் எப்படியோ ஒப்பேறியது. இரண்டாவதில் குரல் கரகரத்தது. மூன்றாவது சரணத்துக்கு வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. அன்பரசி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இடமில்லை என்றவர்க்கும் இடந்தந்த ராசாவே..."

வாசலிலிருந்து வந்தது அந்தக் குரல். சுருதி எங்கேயோ, தாளம் எங்கேயோ, வார்த்தை மட்டும் ஒன்றுகூடப் பிசகவில்லை. கத்தல் கத்தல் என்று மூன்று வாரம் திட்டிக்கொண்டே ராமக்காள் முழுப் பாட்டையும் மனப்பாடம் பண்ணியிருந்தாள். அன்பரசி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். அதற்குள் சபை முழுக்கச் சேர்ந்து பாடத் தொடங்கியிருந்தது.

ராமக்காள் கொண்டுவந்த பாலில்தான் அன்றைக்கு எல்லோருக்கும் டீ. மாமரத்தடியில் டம்ளரோடு உட்கார்ந்தபோது அன்பரசி கம்மிய குரலில் கேட்டாள்.

"முழுப் பாட்டும் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே, காலையில நீங்களே பாடியிருக்கலாமில்லக்கா?"

ராமக்காள் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்.

"பாடுனனே! அதுக்குத்தான ஒதச்சுது."